அந்தாண்ட மண்

கரையாம்புத்தூருக்கு எனக்கு மாற்றல் ஆனது எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில். ஊர் புதுச்சேரி மாநிலம். பஸ் நிற்கிற புளியமரம் தமிழ்நாடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை, அதன் பாதியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் எல்லைக்கல். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நட்டது என்றார்கள். உச்சி வெயிலில் டிரங்குப் பெட்டி, மருந்துப் பை, படுக்கைச் சுருட்டு மூன்றோடும் புளியமரத்தடியில் இறங்கி நிற்கிறேன். கல்லுக்கு அந்தப் பக்கம் தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நர்சம்மாதானே? நான் சுப்பராயலு. என் வூட்லதான் ஒனக்கு ரூம்பு. வா தாயி, வா."

"பெட்டி கனங்க. கொஞ்சம் வந்து ஒரு கை புடிங்க."

"இந்தக் கல்லு வரைக்கும் எடுத்தாந்துடு. இங்கேருந்து நான் தூக்கிக்கறேன்."

"நாலடி முன்னாடி வந்தா கொறஞ்சா பூடுவீங்க?"

"வர மாட்டேன் தாயி. கோச்சிக்காத."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பேன். அடுத்த பஸ் சாயங்காலம்தான். பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். கல்லைத் தாண்டியதும் அவர் ஒரே தூக்கில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஆள் ஒன்றும் நோஞ்சான் இல்லை. சேசுவே, முதல் நாளே இப்படி ஒரு பைத்தியமா என்று நினைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

நெல் மூட்டை போட்டிருந்த முன்னறையை வெள்ளையடித்து, வாசலில் ஒரு போர்டு மாட்டி, அதுதான் ஆஸ்பத்திரி, அதுதான் என் வீடு. சாப்பாடு அவர்களோடு. சுப்பராயலுவின் மனைவி கனகாம்பாள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கருக்கலில் சாணி வாரத் தொடங்கினால் ராத்திரி அடுப்பு அணையும் வரை நின்றபடியே இருப்பாள். காலையில் கேழ்வரகுக் கூழும் பச்சை மிளகாயும், மத்தியானம் கழனிக்குப் போகிற சோறு, ராத்திரி கருவாட்டுக் குழம்பு. இவை மாறி நான் பார்த்தது பொங்கலுக்கு மட்டும்தான்.

மறுநாள் காலை கூழ் ஊற்றும்போதே, அவர் ஏன் கல்லைத் தாண்டவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"அவருக்கு அந்தாண்ட ஆவாது" என்றாள் கனகாம்பாள், கல்லுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி.

"ஆவாதுன்னா?"

"ஆவாதுன்னா ஆவாது. இருவது வருசத்துக்கு மேல ஆவுது, அந்த மண்ணுல கால் வெக்கறதில்ல. பொடிசுங்க கூட இந்தாண்டக்காரருன்னுதான் கூப்புடுது. நீயும் சிரிச்சிக்கோ. ஆனா கேக்காத."

நான் சிரித்தேன். சிரிக்க விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. அவருடைய ரெண்டு காணி நிலம் எல்லைக்கல்லை ஒட்டிக் கிடந்தது. கரும்புத் தோகை வரப்பைத் தாண்டி விழுந்தால் தொரட்டிக்கோலால் இழுப்பார். மாடு தாண்டிப் போய்விட்டால் வரப்பில் நின்று "ம்பா, ம்பா" என்று கூப்பிடுவார். அது வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வருகிற வரைக்கும் நிற்பார். மாட்டுக்கு அது தெரியும். அதனால் தினமும் தாண்டும்.

மாதம் ஒருமுறை நான் மருந்து வாங்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஒரு தடவை அவரும் வந்தார். புளியமரத்துக்கு அவர் வர மாட்டார் என்பதால் டிரைவரே பஸ்ஸைக் கல் வரைக்கும் பின்னால் கொண்டுவந்து ஏற்றினார். அந்தப் பக்கத்து ஊர்கள் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு. பத்து நிமிஷம் புதுச்சேரி, பத்து நிமிஷம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. தமிழ்நாடு வருகிறபோதெல்லாம் மனிதர் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். எந்தப் பனைமரத்தில் தூக்க வேண்டும், எந்த மதகில் இறக்க வேண்டும் என்பது சர்வேயருக்குக்கூட அப்படித் தெரிந்திருக்காது.

"இவர வெச்சித்தான் எனக்கு டிக்கெட் ஸ்டேஜே தெரியும்" என்றார் கண்டக்டர்.

போன வருஷம் பஸ் பங்சர் ஆகி அந்தாண்டையில் நின்றுவிட்டதாம். எல்லாரும் இறங்கி நிழலில் உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் நாலு மணி நேரம் பஸ்ஸுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாராம். ஒன்றுக்குப் போகக்கூட இறங்கவில்லை என்று சொல்லிக் கண்டக்டர் சிரிக்க, நானும் சிரித்தேன். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது இதை நடித்தே காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருக்கிறது.

ஏனென்றால் வேலை விஷயத்தில் நானும் அந்தக் கல்லைத் தாண்டாதவள்தான். அரை மைலில் வேலங்காடு இருந்தது. அது தமிழ்நாடு, தென்னாற்காடு ஜில்லா. அங்கே வலி எடுத்தால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு எட்டு மைல் போக வேண்டும். அங்கிருந்து பெண்கள் வந்து என் வாசலில் நிற்பார்கள். "அந்தாண்ட கேஸுக்கு நம்ம மருந்து ஒரு சொட்டுப் போகக் கூடாது. போனால் நீதான் பதில் சொல்லணும்" என்று சேர்ந்த அன்றே எனக்கு உத்தரவு போட்டிருந்தார்கள். நான் சொந்த வருமானத்தில் இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டியவள். "போம்மா, எனக்கு அனுமதி இல்ல" என்று சொல்லியே அனுப்பினேன். இரண்டு பேரை அப்படி அனுப்பினேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சுப்பராயலுவின் ஒரே மகள் அமுதம் அந்த வேலங்காட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கனகாம்பாளின் அண்ணன் மகன் மாரிமுத்துதான் மாப்பிள்ளை. முறைப்பையன் இருக்கும்போது வேறு இடம் பார்க்க முடியாது. கல்யாணம் அந்தாண்டதான் நடந்தது. இவர் எல்லைக்கல்லோரம் ஒரு கைப்பிடி அட்சதையோடு நின்றாராம். மேளச் சத்தம் கெட்டியாகக் கேட்டதும் அரிசியை அந்தத் திசையில் வீசிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். கன்னிகாதானத்துக்குப் பங்காளி ஒருவரை உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் மச்சான்காரர், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, செத்தார். அப்போதும் கல்லருகில் நின்றே அழுதார்.

இதெல்லாம் சம்பந்தியம்மா பவுனம்மாள் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. தைக்காமல் என்ன செய்யும்? அமுதம் முதலில் உண்டானபோது ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைக்கப் போன கனகாம்பாளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "அப்பங்காரன் வந்து கூப்புடட்டும்" என்றாள். அமுதத்துக்கு அங்கேயே பிரசவம் ஆனது. ஒன்றரை நாள் கிடந்து துடித்தாள். குழந்தை செத்துப் பிறந்தது. நான் வருவதற்கு முந்தின வருஷம் அது.

இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள்.

தை மாதம் அறுவடை முடிந்த கையோடு கனகாம்பாள் ஒரு சட்டியில் ஏழு விதக் கலவைச் சோறு கட்டிக்கொண்டு வேலங்காட்டுக்குப் போனாள். மத்தியானமே வந்துவிட்டாள். சட்டி அப்படியே இருந்தது. இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முதல் முறையாக நான் பார்க்க, தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னா?" என்றார் சுப்பராயலு.

"அதேதான் சொன்னா. நீ வந்து, அந்த வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கூப்புடணுமாம்."

அவர் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தார்.

"யோவ், நில்லுய்யா!" என்றாள் கனகாம்பாள். அவள் புருஷனை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல. இன்னொரு வாட்டி அவ துணியில சுத்திக் குடுக்கறத வாங்கிப் பொதைக்க என்னால முடியாது. நீ போயி அவள இஸ்துகினு வர வரைக்கும் இந்த வூட்ல ஒல ஏறாது. நீயும் பட்டினி, நானும் பட்டினி. நர்சம்மா, நீ வேற எடம் பாத்துக்க."

சொன்னபடியே அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சுவரோரம் படுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவரிடம் நானே போனேன். மண்வெட்டியால் மடை திருப்பிவிட்டு வரப்பில் நின்றார். முகம் வற்றியிருந்தது. எனக்கும் பசி. பசி வந்தால் எனக்கு நாக்கு நீளும்.

"ஏன் பெரியவரே, பொண்ணு உசிர விட ஒங்க கால் பெருசா? அந்த மண்ணு இன்னா கடிக்குமா?"

"என்னக் கடிக்காது தாயி. கடிச்சாத்தான் பரவால்லியே" என்று சொல்லிவிட்டு மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு குந்தினார். "கனகு சொல்லலியா? சொல்லமாட்டா. அமுதத்துக்கு முன்ன மூணு ஆம்பளப் புள்ளைங்க எனக்கு."

எனக்குத் தெரியாது.

"மொதப் பையனுக்கு நாலு வயசு. நான் மாடு புடிக்க அந்தாண்ட சந்தைக்குப் போயிகினு வரேன், வாந்திபேதியில கெடக்கறான். அன்னிக்கே போயிட்டான். ரெண்டாவது, மாமனார் சாவுக்குப் போனேன். திரும்பி வரச்சொல்ல ஜொரம். மூணாம் நாளு அவனும் போனான். அப்பகூட எனக்கு உறைக்கல தாயி. மூணாவது பையனுக்குத் தொண்ட அடச்சிக்கிச்சி. வேலங்காட்டு வைத்தியரு மருந்து குடுப்பாருன்னாங்க. மருந்து வாங்கத்தான் ஓடுனேன். மருந்தோட வந்து கல்லத் தாண்டறேன், வூட்ல அழுவற சத்தம் கேக்குது. அந்த எடத்துலயே நின்னேன். இனிமே இந்தாண்டதான்னு அப்ப சொன்னதுதான்."

நான் படித்த பாடம் வாய்க்கு வந்தது.

"அது காலரா பெரியவரே. இன்னொண்ணு தொண்டை அடைப்பான். அந்தக் காலத்துல ஊசி இல்ல, மருந்து இல்ல, எல்லா ஊர்லயும் செத்தாங்க. ஒங்க காலுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? சரி, அமுதத்தோட மொதக் கொழந்த போச்சே, அப்ப நீங்க அங்க போவவே இல்லியே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போனேன்."

"இன்னாது?"

"கனகுக்குத் தெரியாது. நீயும் சொல்லாத. அவளுக்கு ஆறு மாசம். பலாச்சொள தின்னணும்போல கீதுன்னு யாரோ வந்து சொன்னாங்க. மனசு கேக்கல. ஒரு நாளு மத்தியானம், எல்லாம் கள வெட்டப் போயிருந்தப்போ, பழத்தத் தூக்கிகினு போயி அவ கையில குடுத்துட்டு ஓடியாந்துட்டேன். பவுனு பாக்கல. அமுதம் சிரிச்சிது. 'வந்துட்டியா யப்பா'ன்னு கேட்டுது. அவ்ளோதான். கொழந்த செத்துப் பொறந்துது. இப்ப சொல்லு தாயி, நான் போவட்டா? நீ படிச்சவ. நீ சொன்னா போறேன்."

அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். போங்கள் என்று சொல்லிவிட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? அந்த வரப்பில் என் படிப்பெல்லாம் எனக்கு உதவவே இல்லை. வீட்டுக்கு வந்து சுவரோரம் கிடந்த கனகாம்பாளுக்கு நானே கஞ்சி காய்ச்சி வாயில் ஊற்றினேன். அவளும் மறுக்காமல் குடித்தாள்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாளே மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வேலங்காட்டுக்குப் போய், பவுனம்மாள் வீட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு மேலேயே உட்கார்ந்துகொண்டார். கால் மண்ணில் படவில்லை, ஆனால் வந்தாகிவிட்டது. நானும் கனகாம்பாளும் பின்னாலேயே நடந்து போனோம். மருந்துப் பையை எடுத்துப் போகவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிற மனுஷியாகப் போனால் யார் கேட்பது?

"தங்கச்சி, பவுனு! நான் வந்துகீறேன். என் பொண்ண அனுப்பும்மா" என்று வண்டியிலிருந்து கூப்பிட்டார்.

பவுனம்மாள் புளி உடைத்துக்கொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக, காது பாம்படம் இல்லாமல் தொங்க, அவளும் ஓய்ந்துபோன மனுஷிதான்.

"வாங்கண்ணே. எறங்குங்க."

"வண்டியிலியே இருக்கேனே."

"வண்டியில வந்து கூப்புட என் மருமவ இன்னா நெல்லு மூட்டையா? எறங்கி உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிங்க. அஞ்சி நிமிசத்துல அனுப்பறேன்."

"அது மட்டும் முடியாதும்மா. வேற இன்னா சொன்னாலும் செய்றேன்."

"உங்க மச்சான் வாசல்ல பொணமா கெடந்தப்போ, 'எங்க, தங்கச்சி புருசன் வரலியா'ன்னு ஊரே கேட்டுது. நான் இன்னா பதில் சொன்னேன் தெரியுமா? வயல்ல பாம்பு கடிச்சிட்டுது, படுத்துகினு கீறாருன்னு பொய் சொன்னேன். அவ்ளோ மானக்கேடு. எனக்கு ஒங்க பொண்ணு மேல ஒண்ணும் கோவம் இல்லண்ணே. அவள நான் நல்லாத்தான் வெச்சிகீறேன். ஆனா என் வூட்டு மண்ணு ஒங்களுக்கு அவ்ளோ கேவலமா?"

"கேவலம் இல்லம்மா" என்றார். அதற்கு மேல் சொன்னால் அமுதத்தின் காதில் விழும். செத்த குழந்தைக்குத் தான்தான் காரணம் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வார்?

அன்று பொழுது சாய்கிற வரை வண்டியிலேயே இருந்தார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கஞ்சிக் கலயத்தை வண்டி முளையில் கட்டிக்கொண்டு கிளம்புவார், சாயங்காலம் வெறும் வண்டியோடு வருவார். வேலங்காட்டில் முதல் நாள் கூட்டம் கூடிச் சிரித்தது, பிறகு யாருக்கும் நேரமில்லை. கரும்பு வெட்டு மும்முரம். அமுதம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நிற்பாள். "ஏன் யப்பா வெயில்ல காயற, வூட்டுக்குப் போ" என்பாள். பவுனம்மாளே ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்புவாள். அதை வாங்கிக் குடிப்பார். இறங்க மட்டும் மாட்டார். பவுனம்மாளும் தன் பிடியிலிருந்து இறங்க மாட்டாள். அமுதத்தை நான் தொட்டுப் பார்த்து, "கால் வீங்கிருக்கு, உப்பைக் குறை" என்று சொல்லிவிட்டு வருவேன். அப்படியே மாசி போய்ப் பங்குனி வந்தது. கனகாம்பாள் மறுபடி அடுப்பு மூட்டினாள். எத்தனை நாள்தான் ஒரு பொம்பளை படுத்தே கிடப்பாள்?

பங்குனி பத்தாம் தேதி, காலை கூழ் நேரம் தாண்டியிருக்கும். கழுத்து மணி தெறிக்க வண்டி என் வாசலில் வந்து நின்றது.

"தாயி, வலி எடுத்துடுச்சி. தண்ணி ஒடஞ்சிப் போச்சாம். ஏறு, ஏறு!"

"இங்க கூட்டிகினு வந்துடுங்களேன்!"

"ஏற முடியல அவளால. மாப்ள கரும்பு வண்டியோட மில்லுக்குப் போயி ரெண்டு நாளாவுது. ஆம்பள ஒருத்தன் இல்ல. பையை எடுத்துக்கோ."

பை என்றதும் என் கை நின்றது.

"பெரியவரே, அந்தாண்ட மருந்து கொண்டு வர எனக்கு ஆர்டர் இல்ல. வேல போயிடும்."

அவர் என்னைத் திட்டவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவராகக் கேட்டார்: "நீ தாண்டுனா யாரு தாயி சாவப் போறாங்க?"

பையை எடுத்தேன். கனகாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறியிருந்தாள்.

குழந்தை பதினொரு மணிக்கெல்லாம் பிறந்துவிட்டது. ஆண். கொஞ்சம் மூச்சு மங்கிப் பிறந்தது. காலைப் பிடித்துத் தூக்கி, சளியை உறிஞ்சியெடுத்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டியதும் வீறிட்டது. பவுனம்மாள் ஐயோ சாமி, ஐயோ சாமி என்று சொல்லிக்கொண்டே அழுதாள். வெளியே வண்டியில் இருந்தவருக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

நஞ்சுக்கொடி இறங்கவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். வயிற்றைத் தேய்த்தேன், ஊசி போட்டேன். ரத்தம் பாய் தாண்டி மண் தரையில் ஓட ஆரம்பித்தது. அமுதத்தின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. "குளுருதுக்கா" என்றாள். எங்கள் டாக்டர் இருக்கிற இடம் மூன்று மைல், அதுவும் கல்லைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம். நான் கையை வயிற்றிலிருந்து எடுக்க முடியாது. பவுனம்மாளும் கனகாம்பாளும் தூக்கிப் பார்த்தார்கள், கனகாம்பாள் கால் மடங்கி அப்படியே சரிந்தாள். தெருவில் ஒரு கிழவனைக்கூடக் காணோம்.

"பெரியவரே! எறங்கி வாங்க! பொண்ணத் தூக்குங்க!"

வாசல் வழியாக வண்டி தெரிந்தது. இரண்டு கையாலும் முளைக்கம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எறங்குனா அவ செத்துடுவா தாயி."

"எறங்கலன்னா இப்பவே செத்துடுவா. ரத்தம் நிக்கலய்யா!"

கனகாம்பாள் தரையில் கிடந்தபடியே கத்தினாள்: "வாய்யா! எந்தப் பழி வந்தாலும் எனக்கு வரட்டும், நீ வா!"

அவர் மண்ணைப் பார்த்தார். பிறகு தொப்பென்று குதித்தார். வாசல் வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த கருவேல முள்ளின் மேலேயே குதித்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. உள்ளே வந்து, அமுதத்தைப் பாயோடு வாரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் வண்டியில் கிடத்தினார். நான் வயிற்றை அழுத்திக்கொண்டே ஏறினேன். அன்றைக்கு அந்த மாடுகள் ஓடிய ஓட்டத்தைப் பிறகு ஒருநாளும் நான் பார்க்கவில்லை. வழி நெடுக அவர் திரும்பித் திரும்பி, "மூச்சு கீதா தாயி? மூச்சு கீதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மூச்சு இருந்தது. டாக்டர் கையை விட்டு நஞ்சை எடுத்தார். மாப்பிள்ளை மில்லிலிருந்து ஓடிவந்து ரத்தம் கொடுத்தார். எட்டாம் நாள் அமுதமும் குழந்தையும் சுப்பராயலு வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். பவுனம்மாள்தான் தொட்டிலுக்குச் சேலை கொண்டுவந்தாள். இந்தப் பக்கத்துத் தண்ணீரை அவளும் ஒரு வாய் குடித்தாள்.

"பாத்தீங்களா பெரியவரே? தாண்டுனீங்க, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று நான் ஒருநாள் பெருமையாகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் அவர் நொண்டுவதைக் கவனித்தேன். வலது கால் கட்டை விரலில் முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு மாதமாகத் துணியைச் சுற்றி மறைத்து வைத்திருக்கிறார்.

"கொண்டாங்க காலை! இது அழுவிடும். ஊசி போடணும்."

"வேணாம் தாயி."

"இன்னா வேணாம்?"

"இந்த வாட்டி என்னப் புடிச்சிக்கிச்சி. பசங்களப் புடிக்கல. நீ இத ஆத்திட்டன்னா அது மறுபடி தொட்டிலுக்குப் பூடும். வுட்டுடு."

கெஞ்சினேன், திட்டினேன், அமுதத்தை விட்டு அழச் சொன்னேன். தூங்கும்போது நான் கட்டுப் போட்டால் விடிந்ததும் அவிழ்த்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். சர்க்கரை வியாதியும் இருந்திருக்கிறது, யார் கண்டது? வைகாசியில் ஜுரம் கண்டு நினைவு தப்பியபோதுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். விரலை எடுத்துவிட்டார்கள்.

நினைவு வந்ததும் அவர் கேட்டது அந்த விரலைத்தான். வார்டில் துடைக்கிற அம்மாவிடம் கையைக் காலைப் பிடித்து வாங்கி, துணியில் முடிந்து வைத்துக்கொண்டார். ஊருக்கு வந்த அன்றே கம்பை ஊன்றிக்கொண்டு எல்லைக்கல்லுக்குப் போனார். நானும் கனகாம்பாளும் பின்னால் போனோம். கல்லைத் தாண்டி அந்தாண்ட மண்ணில் உட்கார்ந்து, கையாலேயே குழி பறித்து, முடிச்சை வைத்து மூடினார்.

"எடுத்துக்கிச்சி. இனிமே கேக்காது" என்றார்.

கம்பை ஊன்றி எழுந்தவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக வேலங்காட்டுக்கு நொண்டி நடந்து, பவுனம்மாள் வீட்டுக்குள்ளே போய், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். கனகாம்பாள் வழியில் ஒரு பனையடியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் கால் ஓஞ்சிப் போச்சு நர்சம்மா" என்றாள்.

என் விஷயம் ஆனியில் முடிந்தது. அந்தாண்ட கேஸ் பார்த்ததை யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். முதலில் மெமோ வந்தது, பிறகு மாற்றல். ஏனாமுக்கு. ஆந்திராவுக்குள் எங்கேயோ கிடக்கிற புதுச்சேரி ஊர், போய்ச் சேரவே ஒன்றரை நாள். தங்கைக்குப் பேசியிருந்த இடத்தை ஒத்திப்போட வேண்டியதாயிற்று. எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. அலுப்பாக இருந்தது. ஓர் உசிரைக் காப்பாற்றியதற்கா இது என்று நினைத்து நினைத்து, மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் பெட்டி கட்டினேன்.

கிளம்புகிற அன்று டிரங்குப் பெட்டியை அவர்தான் தலையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நொண்டி நொண்டி, கல்லைத் தாண்டி, புளியமரத்தடி வரைக்கும் கொண்டுவந்து இறக்கினார். அமுதம் குழந்தையோடு வேலங்காட்டிலிருந்து வந்து காத்திருந்தாள். மூன்று மாதப் பயல், வாயில் விரலைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு தப்பும் பண்ணல பெரியவரே. ஏன் என்ன இப்பிடித் தூக்கி அடிக்கறாங்க?"

சுப்பராயலு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தார். குரலைத் தணித்துச் சொன்னார்.

"நீயும் தாண்டுன இல்ல தாயி. எங்கிட்ட வெரல எடுத்துக்கிச்சி. ஒங்கிட்ட ஊர எடுத்துக்கிச்சி. வுடு. பையன் கிட்ட வரல பாரு."

வழக்கமாக நான் இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் விடுகிறவள் இல்லை. காலரா என்பேன், மெமோ என்பேன், மேலதிகாரி என்பேன். அன்றைக்குக் குழந்தையின் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும், மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.